மோட்டாரை நிறுத்தியும் தண்ணீர் ஏன் நிற்கவில்லை? உங்கள் வீட்டு வால்வை இந்த வாரமே கண்டுபிடியுங்க

ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணி. பெங்களூருவில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு. 'டப்' என்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், ஹாலில் இருக்கும் வாஷ்பேசினுக்குக் கீழே ஹோஸ் பிய்ந்து, எதிர்ச் சுவர் வரைக்கும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. ஹோஸ் தொடங்கும் இடத்தில் இருந்த சின்ன வால்வைத் திருப்பினேன். கைப்பிடி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. தண்ணீர் நிற்கவில்லை. கீழே ஓடி வாட்ச்மேனை எழுப்பி, "அண்ணா, மோட்டாரை ஆஃப் பண்ணுங்க" என்றேன். "மோட்டார் ஓடவே இல்லையே" என்றார்.

அப்புறம் மொட்டைமாடிக் கதவின் சாவியைத் தேடினோம். மேலே போனால் டேங்கைச் சுற்றி ஆறு வால்வுகள். எதிலும் வீட்டு எண் இல்லை. ஒவ்வொன்றாக மூடிப் பார்க்க, வீட்டில் நின்ற ரூம்மேட் போனில் "நிக்கல... இன்னும் நிக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சரியான வால்வு கிடைத்தபோது 40 நிமிடம் ஆகியிருந்தது. கீழ் வீட்டில் தனியாக இருந்த வயதான அம்மாவின் ஹாலில், ஓடிக்கொண்டிருந்த சீலிங் ஃபேன் வழியாகத் தண்ணீர் சொட்டியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

பிளம்பர் வந்து புது ஹோஸ் மாட்டப் பத்து நிமிடம்தான் ஆனது. ரிப்பேர் அவருடைய வேலை. அவர் வரும் வரை தண்ணீரை நிறுத்தி வைப்பது நம்ம வேலை. அதற்கு முன்கூட்டியே என்ன தெரிந்து வைத்திருக்கணும்? பார்ப்போம்.

40 நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர்?

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். 15 லிட்டர் பக்கெட்டைக் குழாயடியில் வைத்து, போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்க. என் வீட்டில் பக்கெட் நிறைய 90 விநாடி ஆனது. அதாவது நிமிடத்துக்கு 10 லிட்டர். உடைந்த ஹோஸிலும் ஏறக்குறைய அதே அளவு வந்தது என்று வைத்துக்கொண்டால், 40 நிமிடத்தில் 400 லிட்டர்.

600 சதுர அடி வீட்டில் 400 லிட்டர் சமமாகப் பரவி நின்றால், 7 மில்லிமீட்டர் உயரம் வரும். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டு, பிளைவுட் அலமாரியின் அடிப்பலகை, கட்டிலுக்கு அடியில் வைத்த லேப்டாப் பை, எல்லாவற்றுக்கும் 7 மில்லிமீட்டர் போதும். பாத்ரூமில் உடைந்தால், ஜாலி அடைபடாத வரை, பெரும்பாலான தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும். ஹால், கிச்சன் தரையில் பொதுவாக ஜாலி கிடையாது. அங்கே உடைவதுதான் ஆபத்து.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கும் அளவு. நான் தரையில் விட்ட 400 லிட்டர், ஒருவருடைய மூன்று நாள் பங்கு. 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

மோட்டாரை நிறுத்தினால் ஏன் நிற்காது?

நம்மில் பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். யூடியூபில் இருக்கும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். அங்கே பல வீடுகளில் தெருக் குழாயின் அழுத்தத்திலேயே தண்ணீர் நேராக வீட்டுக் குழாய்க்கு வருகிறது. தெருக் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வால்வை மூடினால் எல்லாம் நின்றுவிடும்.

நம்ம ஊர் வீடுகளில் தண்ணீர் பெரும்பாலும் இரண்டு தனித்தனிப் பயணம் செய்கிறது.

முதல் பயணம் மேலே: மாநகராட்சிக் குழாய், போர்வெல் அல்லது டேங்கர் லாரியிலிருந்து சம்ப், சம்பிலிருந்து மோட்டார் வழியாக மொட்டைமாடி டேங்க்.

இரண்டாவது பயணம் கீழே: டேங்கிலிருந்து குழாய் வழியாக உங்கள் கிச்சன், பாத்ரூம். இதற்கு மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். புவியீர்ப்பு மட்டும் போதும்.

வீட்டுக்குள் உடைவது பெரும்பாலும் இரண்டாவது பயணத்தில்தான். மோட்டாரை நிறுத்தினாலும், தெரு வால்வை மூடினாலும், டேங்கில் இருக்கும் தண்ணீர் தீரும் வரை வந்துகொண்டேதான் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 1,000 லிட்டர் டேங்க் காலியாக 1 மணி 40 நிமிடம். அபார்ட்மெண்ட்டின் பொது டேங்க் என்றால் எத்தனை மணி நேரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

மோட்டாரை நிறுத்துவது உதவும் இடங்கள் மூன்று. மொட்டைமாடி டேங்க் நிரம்பி வழிவது ஒன்று. சம்பிலிருந்து மேலே போகும் குழாய் உடைவது இன்னொன்று. மூன்றாவது, குழாயில் வேகம் வருவதற்காக உங்கள் லைனில் பிரஷர் பம்ப் மாட்டியிருந்தால் அதை உடனே ஆஃப் பண்ணணும்.

இன்னொரு விஷயம். டேங்கின் நீர்மட்டத்துக்கும் உங்கள் குழாய்க்கும் நடுவே உள்ள ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கூடும். அதனால்தான் மேல் மாடிக்காரர்கள் "ஷவர்ல தண்ணியே வரல" என்கிறார்கள், கீழ் மாடிக்காரர்கள் வீட்டில் குழாய் சீறுகிறது. நீங்கள் இருப்பது கீழ் மாடி என்றால், அதே உடைப்பில் இன்னும் வேகமாகத் தண்ணீர் வரும்.

உங்கள் வால்வு எங்கே இருக்கும்?

ஊருக்கு ஊர், கட்டடத்துக்குக் கட்டடம் அமைப்பு மாறும். நீங்கள் இருப்பது எந்த வகை என்று பாருங்க.

டெல்லி, நொய்டா பக்கம் தளத்துக்கு ஒரு குடும்பம் இருக்கும் 'பில்டர் ஃப்ளோர்' வீடுகள்: மொட்டைமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி டேங்க் வரிசையாக நிற்கும். உங்கள் டேங்கின் அடியிலிருந்து வெளியே வரும் குழாயில் வால்வு இருக்கும். உங்களுடையது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மும்பை, புனே பக்கம் பழைய சொசைட்டி கட்டடங்கள்: ஒரே பொது டேங்க். அதிலிருந்து கிச்சனுக்கு ஒரு லைன், பாத்ரூமுக்கு ஒரு லைன் என எல்லா மாடிக்கும் பொதுவாக இறங்கும். மேலே ஒன்றை மூடினால் உங்கள் வரிசையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் நின்றுவிடும். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. செகரட்டரியா, வாட்ச்மேனா?

பெங்களூரு, ஹைதராபாத்தில் நான்கைந்து மாடி வாடகைக் கட்டடங்கள்: பொது டேங்க்தான். அதிலிருந்து வீட்டுக்கு ஒரு லைனோ இரண்டு லைனோ தனியாக வரும். வால்வுகள் டேங்கின் அருகிலேயே இருக்கும், ஆனால் பெயர் எழுதியிருக்காது. என் ஆறு வால்வுக் கதை இந்த வகைதான்.

புதிய பெரிய அபார்ட்மெண்ட்கள்: வால்வுகள் வீட்டுக்கு வெளியே லிஃப்ட் பக்கத்து ஷாஃப்ட்டிலோ, பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கும் டக்ட்டிலோ இருக்கும். சில இடங்களில் ஃப்ளஷ்ஷுக்கு மட்டும் சுத்திகரித்த மறுசுழற்சித் தண்ணீர் தனி லைனில் வரும். மெயினை மூடியும் ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் ஏறினால் குழம்ப வேண்டாம், அதற்கு வேறு வால்வு.

ஆக, 'வீட்டுக்கு ஒரே மெயின் வால்வு' என்று நினைத்துத் தேடாதீங்க. இரண்டு பாத்ரூம், ஒரு கிச்சன் உள்ள வீட்டில் மூன்று, நான்கு வால்வுகள் இருப்பது சகஜம்.

மூன்று அடுக்காக யோசியுங்க

முதல் அடுக்கு, கை எட்டும் தூரம்: வாஷ்பேசினுக்குக் கீழே, ஃப்ளஷ் டேங்க் பக்கத்தில், கீசருக்கு அடியில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன வால்வு. பிளம்பர்கள் 'ஆங்கிள் காக்' என்பார்கள். அந்த ஒரு பொருளுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தும். ஹோஸ் பிய்ந்தால் முதலில் இதைத்தான் மூடணும்.

இரண்டாவது அடுக்கு, அறை: பல பாத்ரூம்களில் சுவருக்குள் பதித்த ஒரு வால்வு இருக்கும். வெளியே ஒரு கைப்பிடியும் வட்டத் தகடும் மட்டும் தெரியும். ஷவர் குழாய் என்று நினைத்து அதைத் தொட்டே இருக்க மாட்டீங்க. தலைக்கு மேலே, பரண் பக்கமாகவும் இருக்கலாம். அந்த அறை முழுவதும் இதில் நிற்கும்.

மூன்றாவது அடுக்கு, வீடு: டேங்க் அடியில் அல்லது ஷாஃப்ட்டில் இருக்கும் வால்வு. சுவருக்குள் குழாய் உடைந்தாலோ, குழாயே கையோடு முறிந்து வந்தாலோ, கீழ் இரண்டு அடுக்கும் வேலை செய்யாவிட்டாலோ இதுதான் வழி.

கண்டுபிடிக்க அரை மணி நேரச் சோதனை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், இன்னொருவர் துணையோடு செய்யுங்க. பொது லைனாக இருந்தால் மற்ற வீடுகளின் வாட்ஸ்அப் குரூப்பில் முன்கூட்டியே சொல்லிடுங்க. ஷாம்பு போட்ட தலையோடு யாரும் நிற்கக் கூடாது.

1. கீசரை ஆஃப் பண்ணுங்க. வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் முடியட்டும்.

2. வீட்டுக்குள் இருக்கும் ஆங்கிள் காக் ஒவ்வொன்றையும் மூடி, அந்தக் குழாயைத் திறந்து பாருங்க. முழுசா நிற்கிறதா? சொட்டினால் குறித்து வைங்க.

3. பாத்ரூம் வால்வை மூடி, உள்ளே எல்லாக் குழாயும் நிற்கிறதா பாருங்க. ஃப்ளஷ் ஒருமுறை அழுத்தி, டேங்க் மறுபடி நிறைகிறதா என்றும் கவனியுங்க.

4. இப்போது மொட்டைமாடி அல்லது ஷாஃப்ட். வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, கீழே இருப்பவரிடம் எது நின்றது என்று கேளுங்க. மூடிய உடனே நிற்காது, குழாயில் மிச்சம் இருக்கும் தண்ணீர் வடிய ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அவசரப்பட்டு 'இது இல்ல' என்று அடுத்ததற்குப் போயிடாதீங்க.

5. நின்றதும் எழுதி வைங்க. பெயின்ட் மார்க்கரில் குழாயிலேயே '302 கிச்சன்', '302 பாத்ரூம்' என்று எழுதலாம். வெயில் மழையில் பேப்பர் ஸ்டிக்கர் நிற்காது.

6. கதவிலிருந்து வால்வு வரை நடந்து 30 விநாடி வீடியோ எடுத்து, வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்புங்க. நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது உடைந்தால், வீட்டில் இருப்பவருக்கு அந்த வீடியோதான் வழிகாட்டி.

திரும்பத் திறக்கும்போது மெதுவாகத் திறங்க. குழாயில் காற்று புகுந்திருக்கும், கொஞ்ச நேரம் துப்பித் துப்பி வரும். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வரும் வரை கீசரைப் போட வேண்டாம். தண்ணீர் இல்லாமல் சூடானால் காயில் எரிந்துவிடும்.

எந்த வால்வை எப்படித் திருப்புவது?

பித்தளையில், வட்டச் சக்கரம் மாதிரி கைப்பிடி இருந்தால் அது கேட் வால்வு. கடிகார முள் போகும் திசையில் பல சுற்று சுற்றணும். உள்ளே ஒரு தகடு இறங்கி வழியை அடைக்கும்.

நீளமான கைப்பிடி இருந்தால் அது பால் வால்வு. கால் சுற்றுதான். கைப்பிடி குழாய் போகும் திசையிலேயே படுத்திருந்தால் திறந்திருக்கிறது. குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

வருடக்கணக்கில் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் உப்புப் படிந்து, மூடினாலும் முழுசா அடைக்காது. ஸ்பேனர் போட்டு முரட்டுத்தனமாகத் திருப்பினால் கைப்பிடியோ உள்ளே இருக்கும் தண்டோ உடையும், அங்கேயே இன்னொரு வெள்ளம். முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்க. அசையவில்லை என்றால் விட்டுட்டு, பகலில் பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்க. மாற்றும்போது பால் வால்வு கேளுங்க. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்தால் இறுகாது.

உடைந்துவிட்டது, இப்போ என்ன?

வரிசை முக்கியம்.

முதலில் கரண்ட். தண்ணீர் பிளக் பாயிண்ட், எக்ஸ்டென்ஷன் போர்டு, கீசர் பக்கம் போகிறது என்றால், கதவருகே இருக்கும் பெட்டியில் மெயின் எம்சிபியை இறக்குங்க. அந்தப் பெட்டிக்குப் போகத் தேங்கிய தண்ணீரில்தான் நடக்கணும் என்றால் போகாதீங்க. வெளியே மீட்டர் போர்டில் நிறுத்தச் சொல்லுங்க.

அடுத்து, ஆங்கிள் காக். அதில் நிற்கவில்லை என்றால் அறை வால்வு. அதிலும் இல்லை என்றால் மாடி.

ஒருவர் மாடிக்கு ஓடும் நேரத்தில் இன்னொருவர் செய்யக்கூடியது: பாத்ரூம் குழாய்களை எல்லாம் முழுசா திறந்து விடுவது. அதே லைனாக இருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் பிரிந்து சாக்கடைக்குப் போகும், உடைந்த இடத்தில் வேகம் குறையும். பீய்ச்சும் இடத்தில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டினால் தெறிக்காமல் வழியும், அடியில் பக்கெட் வைக்கலாம். ஆர்ஓ மெஷினுக்குப் போகும் மெல்லிய குழாய் என்றால் மடக்கி ரப்பர் பேண்ட் போட்டாலே அடங்கும்.

கீழ் வீட்டுக்குச் சொல்லுங்க. இதைத் தள்ளிப் போடாதீங்க. கூச்சமாக இருக்கும், திட்டு விழும். ஆனால் அவர்கள் ஃபேனையும் லைட்டையும் ஆஃப் பண்ணணும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு இது தோன்றவே அரை மணி நேரம் ஆனது.

பிளம்பருக்குப் போன் பண்ணுவது இதற்கெல்லாம் அப்புறம்தான்.

பணம் யார் கொடுப்பது?

வாடகை வீட்டில் இந்தச் சண்டை கண்டிப்பாக வரும். மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவதும் பிளம்பிங்கும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய், வாஷர் மாற்றுவது, வாஷ்பேசின், டாய்லெட், கீசர் ரிப்பேர் ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. மாதிரிச் சட்டம் என்பதால், உங்கள் மாநிலம் அதைச் சட்டமாக்கியிருந்தால்தான் கட்டுப்படுத்தும். அதனால் உங்கள் அக்ரிமெண்ட்டில் என்ன எழுதியிருக்கு என்று பாருங்க. புதிதாகக் குடியேறும்போது வால்வுகள் வேலை செய்கிறதா என்று உரிமையாளர் முன்னாலேயே மூடித் திறந்து காட்டச் சொல்லுங்க. பழுதான வால்வை அன்றைக்கு மாற்றித் தரக் கேட்பது சுலபம். வெள்ளம் வந்த பிறகு கேட்பது கஷ்டம்.

இன்சூரன்ஸும் உண்டு. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியில், தண்ணீர் டேங்க், குழாய் வெடித்து அல்லது வழிந்து ஏற்படும் சேதமும் அடங்கும். வீடு சொந்தமாக இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். நிபந்தனைகளைப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்க.

ஊருக்குக் கிளம்பும் முன்

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போறீங்க. கேஸ் மூடியாச்சு, லைட் ஆஃப், பால்காரரிடம் சொல்லியாச்சு. டாய்லெட் பக்கத்தில் ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸ் மட்டும் நான்கு நாளும் டேங்கின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே தொங்கும். வாஷிங் மெஷின் ஹோஸ், ஆர்ஓ குழாய், வாஷ்பேசின் ஹோஸ் எல்லாமே அப்படித்தான். வீட்டுக் குழாய்களில் இவைதான் பலவீனமான இடங்கள். துருப்பிடித்த, உப்பிய, மடங்கிய ஹோஸைக் கண்டால் உடையும் வரை காத்திருக்காமல் மாற்றிடுங்க. மற்ற நாட்களிலும் ஹெல்த் ஃபாசெட்டைப் பயன்படுத்திய பிறகு அதன் ஆங்கிள் காக்கை மூடிப் பழகுங்க.

ஊருக்குக் கிளம்பும்போது வீட்டு வால்வை மூடிட்டு, ஒரு குழாயைத் திறந்து தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார்த்து, அந்தக் குழாயையும் மறக்காமல் மூடிட்டுப் போங்க. பொது லைன் என்றால் அறை வால்வுகளையும் ஆங்கிள் காக்குகளையும் மூடினால் போதும்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்கள் மொட்டைமாடியில் ஆறு வால்வுகளுக்கும் வீட்டு எண் எழுதினோம். ஒரு மார்க்கர், அரை மணி நேரம். சாவி இப்போது வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்குகிறது. கீழ் வீட்டு அம்மாவின் போனிலும் அந்த வீடியோ இருக்கிறது. "எங்க வீட்டு வால்வு எதுன்னும் காட்டு" என்று கேட்டு வாங்கிக்கொண்டது அவர்தான்.